ஊசியம்மாவின் பின்சக்கரம்

சைக்கிளின் பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கி, மறு கையால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது நிற்கும்வரை முறைத்துக்கொண்டிருக்கிறார் ஊசியம்மா. சக்கரம் நெளிந்து நெளிந்து சுற்றி, பிரேக் கட்டையில் உரசி, முனகிக்கொண்டே நிற்கிறது. "மறுபடியும் படுத்துடுச்சு தம்பி" என்கிறார் மெக்கானிக்கிடம், நோயாளியின் வீட்டாரிடம் பேசும் அதே குரலில். என் ஜெராக்ஸ் கடைக்கும் மெக்கானிக்கின் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அதனால் இந்தக் காட்சியை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

வீடு வீடாகப் போகும் நர்ஸ் அவர். சட்டையில் குத்திய அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. மேட்டுத் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டுவது, ஊசி போடுவது, குழாய் மாற்றுவது எல்லாம் அவர் வேலை. மேட்டுத் தெருவில் பஸ் ஏறாது. கனத்த உடம்பு, முதுகில் ஒரு பை, பின்னால் கேரியரில் மருந்துப் பெட்டி, இத்தனையோடும் மிதித்துத்தான் ஏற வேண்டும். ஏறும்போது, "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று முணுமுணுப்பார். மேலே காத்திருப்பவருக்குச் சொல்கிறாரா, தன் முழங்காலுக்குச் சொல்கிறாரா என்று தெரியாது.

வண்டி பட்டறையில் நிற்கும் நேரங்களில் என் கடைக்கு வந்து, ஜெராக்ஸ் மெஷினின் சூட்டுக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டே தூங்கிவிடுவார். எழுப்பினால், "தூங்கலை, கண்ணை மூடி யோசிச்சிட்டு இருந்தேன்" என்பார். யோசனையில் லேசாகக் குறட்டையும் வரும்.

வண்டி அவருடையது அல்ல, மகனுடையது. மலைப்பாதைப் போட்டிகளில் ஓட்டிய கியர் சைக்கிள். ஒல்லிப் பையனுக்கு ஏற்ற லேசான சக்கரம். மெல்லிய ரிம், இடைவெளி விட்டுக் கோத்த ஸ்போக் கம்பிகள். வேலை கிடைத்து வெளிநாடு கிளம்பியபோது, "சும்மா நின்னா கெட்டுப்போயிடும், ஓட்டிக்கிட்டு இரும்மா. வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு மாதிரி அதை அப்படியே கடைப்பிடித்தார் ஊசியம்மா.

மெக்கானிக்கும் சொல்லாத நாளில்லை. "அக்கா, இது காத்தை ஏத்திக்கிட்டுப் போற சக்கரம். நீங்க ஒரு ஆஸ்பத்திரியையே ஏத்துறீங்க. கனமான ரிம்மு, தடிச்ச கம்பி, நல்ல ஹப்பு போட்டுக் கட்டித் தரேன். சாகுற வரைக்கும் அசையாது."

"யாரு சாகுற வரைக்கும்?"

"சக்கரம்தான்க்கா!"

ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டு மறுத்துவிடுவார். "வேணாம் தம்பி. அவன் வந்து பார்த்தா வச்சது வச்சபடி இருக்கணும்." மறுபடி அதே மெல்லிய கம்பி, அதே ரிம்முக்குக் கோட்டம் எடுப்பு. இந்தப் பிடிவாதம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சக்கரத்தை மாற்றினால் மகன் வரமாட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர் பயந்தது எனக்கு அப்போது புரியவில்லை.

போன வாரம் பாதி மேட்டில் கம்பிகள் பட்பட்டென்று விட்டுப்போய், சக்கரம் கோணி, பிரேக் கட்டைகளின் இடுக்கில் மாட்டிக்கொண்டது. வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறியிருக்கிறார். மேலே, படுக்கையில் கிடந்த ரிட்டயரான பஸ் டிரைவர் ஊறிப்போன கட்டோடு, இவர் போய்ச் சேர்ந்த மதியம்வரை வலியில் துடித்திருக்கிறார். "நீங்களாவது வந்தீங்களேம்மா" என்றாராம். "அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலை" என்று என் கடையில் வந்து உட்கார்ந்தார் ஊசியம்மா. அன்றைக்குத்தான் அவர் முகத்தில் வயது தெரிந்தது.

அங்கிருந்தே மகனைப் போனில் கூப்பிட்டார். கோணிய வண்டியை இழுத்துவந்து பட்டறையில் விட்டதில் கையெல்லாம் செயின் பிசுக்கு, அதனால் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். மேலதிகாரியிடம் லீவு கேட்பதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கண்ணா, கோச்சுக்காதே. உன் சைக்கிளுக்குப் பின்சக்கரம் மட்டும் மாத்திக்கட்டுமா? பழசைப் பத்திரமா எடுத்து வச்சிடறேன்."

"எந்த சைக்கிள்மா?"

ஊசியம்மா என்னைப் பார்த்தார். நான் காகிதக் கட்டைப் பார்த்தேன்.

"உன்னோடதுடா. மலையில ஓட்டுவியே."

"அதுவா! இன்னுமா வச்சிருக்கே? யாருக்காவது குடுத்துடும்மா. நான் வந்து அதையா ஓட்டப்போறேன்? சரி, மீட்டிங் இருக்கு. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டாச்சு" என்றார். திறக்காத சாப்பாட்டு டப்பா பையிலேயே இருந்தது. எனக்கு அந்தப் பையனின் காதைத் திருகினால் என்ன என்று வந்தது. நல்ல பிள்ளைதான், தவறாமல் பேசுகிறவன்தான். மறந்துபோயிருக்கிறான், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்'தான் எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலத்துக்குள் மெக்கானிக் புதுச் சக்கரத்தைக் கட்டி மாட்டிவிட்டான். தடித்த கம்பிகள், அகலமான ரிம். சுழற்றிவிட்டால் சத்தமில்லாமல் நேராகச் சுற்றியது. பழையதைக் கையில் பிடித்துக்கொண்டு, "துணியில சுத்தித் தரட்டுமாக்கா?" என்று கேட்டான்.

"வேணாம் தம்பி. நீயே வச்சுக்கோ."

ஊசியம்மா பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டினார். ஹேண்டில்பாரைப் பிடித்தார். ஏறவில்லை.

"அப்படியே அந்த சீட்டையும் கொஞ்சம் இறக்கிடு."

"எவ்வளவுக்கா?"

"என் உயரத்துக்கு."

மகன் உயரத்துக்கு வைத்த சீட்டில் உட்கார்ந்து, இத்தனை வருஷமாக நுனிக்காலால் எக்கி எக்கித்தான் அந்த மேட்டை ஏறியிருக்கிறார். தினமும் பார்த்த எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. மெக்கானிக் இதற்காகவே காத்திருந்தவன்போல் ஸ்பேனரை எடுத்தான்.

ஊசியம்மா ஏறி உட்கார்ந்தார். இரண்டு பாதங்களையும் முழுசாகத் தரையில் ஊன்றிக்கொண்டு, கிளம்பாமல், அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.