ஏகாம்பரம் கையெழுத்துப் போடாத மனு

செவ்வாய்க்கிழமை காலை, செஞ்சி பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு கிரயப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஏகாம்பரத்தின் மகன். "நைனா போய்ட்டாரு, மாமா." பேனாவை மூடிவிட்டு எழுந்தேன்.

ஏகாம்பரம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெரு ஆலமரத்துப் பழந்தின்னி வௌவால்களுக்காக அவர் மல்லுக்கட்டியதும் தெரியும். யாரோடு என்பது சிலருக்குத் தெரியாது. என்னோடுதான்.

மரத்துக்கு நேர் கீழே என் வீடு. காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் பூப்போட்ட வேட்டியாகியிருக்கும். போதாததற்கு, வௌவாலால் காய்ச்சல் வரும் என்ற பேச்சும் பரவியது. மரத்தை வெட்டச் சொல்லி மனு எழுதினேன். தெருவே கையெழுத்துப் போட்டது. ஏகாம்பரம் மட்டும் இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எழுத்து நல்லா இருக்குது. விஷயந்தான் சரியில்ல. அதுங்களத் தொடாத, கடிச்சுப் போட்ட பழத்தத் தின்னாத. அவ்ளோதான். ராஜகிரிக் கோட்டைப் பாறை இடுக்குல அத்தி மொளச்சிருக்குதே, நீயா போயி வெத போட்ட? இதுங்கதான்."

"என் வேட்டிக்கு இன்னா பதிலு?"

"கலர் வேட்டி கட்டு."

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். அண்ணாந்து பார்த்து, "எத்தனை இருக்கும்?" என்றார்.

"சீட்டு ஒண்ணுகூட இல்ல சார். எல்லாம் தொங்கல்தான்," என்றார் ஏகாம்பரம்.

அதிகாரி சிரித்தார். அந்த நொடியே என் மனு தோற்றது.

ஒரு கோடையில் குட்டி ஒன்று என் வாசலில் விழுந்தது. ஏகாம்பரம் தடித்த கையுறையோடு ஓடிவந்தார். அதைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்து, நான் ஏணியைப் பிடிக்க, கிளையில் மாட்டினார். இறங்குவதற்குள் அவர் வழுக்கைத் தலையில் மேலிருந்து ஏதோ சொட்டியது. "தாய்க்காரி பாத்துட்டா," என்றார் நிம்மதியாக. பொழுது சாய்ந்ததும் தாய் வந்து குட்டியை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு பறந்தது. சந்தோஷத்தை நான் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

இறுதி ஊர்வலம் மரத்தை நெருங்கியபோது உறவினர் ஒருவர் சரவெடியைப் பிரித்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"இங்க வேணாம்பா. மேல தூங்குதுங்க."

"நீங்கதான மாமா மரத்த வெட்டச் சொன்னது?" என்றான் மகன்.

"சொன்னேன். இப்ப வேணாங்கறேன்."

மேளமும் நின்றது. ஏகாம்பரம் மரத்தைச் சத்தமில்லாமல் கடந்துபோனார். மேலே ஒன்றுகூடச் சிறகை விரிக்கவில்லை.

நேற்று, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர் மரத்தைக் காட்டி, ஒரு மனு எழுதித் தரக் கேட்டார். முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறவன் நான். "மனுவெல்லாம் எனக்கு எழுத வராதுங்க," என்றேன். கூசாமல் இப்படி மறுத்துவிடும் தைரியம்தான் ஏகாம்பரத்திடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த சொத்து.