பாரசீகத் தாடிக்காரரும் தச்சநல்லூர் அலமாரியும்

பரிசுப்பொருள் கடையில் வாங்குகிறவர் பொருளைப் பயன்படுத்தப் போவதில்லை, பயன்படுத்தப் போகிறவர் அதைக் கேட்கவே இல்லை, நடுவில் நின்று பேச்சு வாங்குவது மட்டும் நாம். என்னைப்போல் கல்லாவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

தச்சநல்லூரில் என் கடை. பீங்கான் கப்புகளில் படம் அச்சடித்துத் தருவேன். பிறந்தநாள் குழந்தைகள், மணமக்கள் என்று அடித்து அலுத்துப்போன ஒரு நாளில், பழைய பாரசீகக் கவிதைப் புத்தகங்களின் ஓவியங்களைக் கணினியில் பார்த்துச் சொக்கிப்போனேன். ரோஜாத் தோட்டம், மரத்தடியில் தாடி வைத்த கவிஞர், அருகே கூஜாவோடு ஒரு பெண், ஓரத்தில் வளைந்து வளைந்து இரண்டு வரிக் கவிதை. யாரையும் கேட்காமல் ஒரு அலமாரி நிறைய அடித்துவிட்டேன்.

என் மனைவி செண்பகம் வந்து பார்த்தாள். திருக்கார்த்திகைக்குள் காலியாகாவிட்டால் அந்த அலமாரியில் டிபன்பாக்ஸ் அடுக்கப்படும், இனி என் ஆசைக்கு எதையும் அடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கடையில் என் ரசனைக்கென்று இருந்த ஒரே இடம் அது.

எந்த மலை?

முதலில் வந்தவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஓய்வுபெற்ற வாத்தியார். கப்பைக் கண்ணருகே பிடித்து, "எந்த மலைச் சித்தர்? பொதிகையா?" என்றார். பாரசீகம் என்றேன். அந்தப் பக்கமும் நம்மவர்கள் போயிருக்கிறார்கள் என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். பில் போடக் குனிந்தேன். அதற்குள் கப்பைத் திருப்பிவிட்டார். கூஜாப் பெண் அவர் கண்ணில் பட்டாள்.

"சித்தர் பக்கத்துல இவ என்னத்துக்குவே நிக்கா?"

வாய்

கல்யாணப் பரிசு தேடி ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாவுக்குப் படம் பிடித்துவிட்டது. கணவரோ குடித்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்றார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கிற வீடு. என் வீட்டிலும் அப்படித்தான், அச்சடிக்கும்போது அந்த ஞாபகம் வரவில்லை. கப்பை மேலே தூக்கிச் சாய்த்தார். டம்ளர் மாதிரி விளிம்பு விரிந்திருந்தால் தண்ணீர் ஒழுங்காக இறங்கும். இது மூக்குக்குக் கொஞ்சம், கழுத்துக்குக் கொஞ்சம் என்று பங்கு வைத்துவிட்டு, மிச்சத்தை வெள்ளைச் சட்டையில் கொட்டியது. நான் துண்டை எடுத்து நீட்டினேன். அந்த அம்மா கப்பை என் பக்கம் தள்ளினார்.

"படம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, வாய்தான் சரியில்ல."

கூஜாவில் என்ன?

திசையன்விளையிலிருந்து ஒருவர் வந்தார். சொந்தமாகப் பனந்தோப்பு வைத்திருப்பவர். "அந்தப் பிள்ள என்னத்த ஊத்துதா?" என்று கேட்டார். மது என்ற உண்மையைச் சொல்லலாம். ஆனால் கார்த்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. பதநி என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் கவிஞரின் சொருகிய கண்களையே உற்றுப் பார்த்தார்.

"பதநி குடிச்சவன் மூஞ்சி இது இல்லவே, எங்க ஊருல எத்தன மூஞ்சி பாத்திருக்கேன்!"

கண்ணாடி

மேலப்பாளையத்து ஜவுளிக்கடை பாய் ஒருவர், கப்பில் இருந்த எழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வேத வசனத்தைக் கப்பில் அடித்துவிட்டதாக நினைத்துவிடுவாரோ என்று முந்திக்கொண்டு, "ஓதுற வசனம் இல்ல பாய், வெறும் கவிததான்" என்றேன். பாரசீகமும் அரபி எழுத்தில்தான் இருக்கும், அது தெரிந்தவர் என்பதால் எழுத்துக் கூட்டிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கப்போடு போய்ச் சுவர்க் கண்ணாடி முன்னால் நின்றார்.

நம் தொழிலில் தாளில் படத்தை இடவலம் மாற்றி அடித்தால்தான் கப்பில் நேராக விழும். தமிழ்ப் பெயர் என்றால் மறக்கவே மாட்டேன். இந்த எழுத்து வலமிருந்து இடமாகத்தானே போகிறது, ஏற்கெனவே திரும்பித்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டேன். அலமாரி முழுக்க எழுத்து இடவலம் மாறி விழுந்திருந்தது. அவமானத்தில் காது சூடாகிவிட்டது. பாய் சிரித்திருந்தால்கூடத் தேவலை, பரிதாபமாகப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்க கவிஞரு கண்ணாடிக்குள்ள மட்டுந்தான் பேசுதாரு."

தாடி

வேறு வழியில்லாமல் செண்பகத்திடம் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு, "கண்ணாடிக்கு எதுத்தாப்புல வைக்கிறவங்ககிட்ட விக்கணும்" என்று ஒரு கப்பை எடுத்துக்கொண்டு, நாலு கடை தள்ளிப் புதிதாகச் சலூன் திறந்திருந்த மாரியப்பனிடம் போனாள். அங்கே நாற்காலிகளுக்கு முன்னால் நீளக் கண்ணாடி, பின்சுவரில் வெறும் பலகைகள். மாரியப்பன் அத்தனை கப்பையும் எடுத்துக்கொண்டார். கார்த்திகைக்கு இரண்டு நாள் முன்பே என் அலமாரி காலி.

மறுவாரம் முடிவெட்டப் போனேன். பின்சுவர்ப் பலகையில் அடுக்கியிருந்த கப்புகளின் எழுத்தெல்லாம் கண்ணாடியில் நேராகத் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு அதே பாய், கண்ணாடியைப் பார்த்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். அர்த்தம் அவருக்கும் தெரியாது. ஆனாலும் நான் அடித்த வரியை ஒருவர் வாய்விட்டு வாசிக்கிறார். கவிதை பிடித்துத்தான் வாங்கினீர்களா என்று மாரியப்பனை ஆசையாகக் கேட்டேன்.

"கவிதையெல்லாம் யாருக்கு வேணும் அண்ணாச்சி, அந்த ஆளு தாடிய எம்புட்டு நேக்கா ஒதுக்கியிருக்கான் பாருங்க, அதுக்குத்தான் வாங்குனேன்!"

அலமாரி இன்னும் என் வசம்தான் இருக்கிறது, என்ன அடிப்பது என்று செண்பகத்தையும் எப்படித் திருப்பி அடிப்பது என்று பாயையும் கேட்டுக்கொள்கிறேன், ரசனை மட்டும் முழுக்க முழுக்க என்னுடையது.