அத்தையின் அம்பாசிடர் நிறம் மாறிய கதை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அத்தை ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினாள். அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வந்த வெள்ளை வண்டி. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமான மூன்றாம் வருடமே கணவன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு சூளகிரிக்குத் திரும்பி வந்துவிட்டவள். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். துணிக்கட்டுகளைப் பேருந்தில் ஏற்றி இறக்கி அலுத்துப்போய்த்தான் வண்டி வாங்கினாள், ஓட்டவும் கற்றுக்கொண்டாள்.

அந்தக் காரின் வெள்ளைக்கு ஒரு தோரணை இருந்தது. அது தெருவுக்குள் நுழைந்தால் தாசில்தாரே வந்துவிட்டதைப்போல ஆட்கள் பேச்சை நிறுத்துவார்கள். சோதனைச் சாவடிக் காவலர் முதலில் விறைப்பாக சல்யூட் வைப்பார், அப்புறம்தான் உள்ளே பார்ப்பார். பின்னிருக்கையில் அதிகாரிக்குப் பதிலாகத் துணிக்கட்டுகள் உட்கார்ந்திருக்கும். அத்தை சிரிக்காமல் தலையசைத்து சல்யூட்டை ஏற்றுக்கொள்வாள்; அடுத்த திருப்பம் தாண்டியதும் சிரிப்பாள். புருஷன் வீட்டுக்கு எப்போது போகப்போகிறாய் என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டவர்கள்கூட, காரிலிருந்து இறங்குகிறவளை “வாங்கம்மா” என்றார்கள்.

என் பள்ளிக்கூடம் குருபரப்பள்ளியில். செவ்வாய்க்கிழமைதோறும் துணி எடுக்கக் கிருஷ்ணகிரி போய்த் திரும்பும் அத்தை, நெடுஞ்சாலை டீக்கடை அருகே என்னை ஏற்றிக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தூறிக்கொண்டிருந்தது. டீக்கடை முன்னால் வெள்ளை அம்பாசிடர் நின்றது. ஓட்டுநர் இருக்கை காலி. அத்தை டீ குடிக்கப் போயிருப்பாள் என்று பின்கதவைத் திறந்து ஏறி, புத்தகப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். அப்படியே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது கார் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவரின் பின்கழுத்து முடி நரைத்திருந்தது. “அத்தை” என்று மெதுவாகக் கூப்பிட்டேன். அவர் போட்ட பிரேக்கில் இருக்கையிலிருந்து கீழே உருண்டேன்.

அவர் பெங்களூர்க்காரர். முதலாளியைக் கிருஷ்ணகிரியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். என்னைவிட அவர்தான் அதிகம் பயந்துபோனார். ஓசூரை நெருங்கிவிட்டிருந்தோம். வண்டியைத் திருப்பியவர் வழியெல்லாம் “அளபேட புட்டி, அளபேட” என்று கன்னடத்தில் அழ வேண்டாம் என்றார். நான் அழவேயில்லை. அவர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

சூளகிரியில், சாலை நடுவே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். அத்தைதான். குழந்தை வெள்ளைக் காரில் ஏறிப் போய்விட்டது என்று டீக்கடைக்காரர் சொன்னதும் சூளகிரிவரை விரட்டி வந்து, வருகிற போகிற வெள்ளைக் கார்களையெல்லாம் மறித்து, கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் அந்தச் சாலையில் பாதிக் கார்கள் வெள்ளை அம்பாசிடர்கள். தலைமுடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. என்னை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டு, மறுகையால் அந்த ஓட்டுநரின் கையைப் பிடித்தாள். விடவேயில்லை.

வீட்டில் அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அத்தை குறுக்கே வந்தாள்.

“கொழந்தய ஒண்ணும் சொல்லாதண்ணா. ஊர்ல எல்லாக் காரும் வெள்ளையா இருந்தா, எது நம்மளுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஓசூரில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பாய் ஒருவரின் பட்டறைக்குப் போனாள். பல நிறம் பூசிய தகரத் துண்டுகளைச் சாலைக்கு அந்தப் பக்கம் வரிசையாகச் சாய்த்து வைக்கச் சொன்னாள். என் கண்ணைப் பொத்திப் பொத்தித் திறந்து, எது முதலில் தெரிகிறது என்று கேட்டாள். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் பழுத்த பூசணி நிறத்தையே காட்டினேன்.

பாய் தயங்கினார். “அக்கா, வெள்ளைன்னாதான் இந்த வண்டிக்கு மரியாத. இதப் போய் அடிச்சா ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க.”

“மதிக்க வேணாம் பாய். தெரிஞ்சாப் போதும்.”

பாய் சொன்னதுதான் நடந்தது. அதே இன்ஜின், அதே ஹாரன். ஆனால் கண்டிப்பான அதிகாரியாக இருந்த கார், கல்யாணப் பந்தியில் கேட்காமலே பாயசம் ஊற்றுகிற மாமாவைப்போல ஆகிவிட்டது. தக்காளிக் கூடைக்காரர்கள் உரிமையோடு கை காட்டி ஏறினார்கள். தெருப்பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். சோதனைச் சாவடியில் சல்யூட் நின்றது. டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். புருஷனை விட்டு வந்தவளுக்கு இந்த நிறம் கேட்கிறதா என்று கடைவீதியில் காதுபடப் பேசினார்கள். அத்தை கியரை மாற்றிக்கொண்டு போய்க்கொண்டேயிருந்தாள்.

எனக்கோ அவமானமாக இருந்தது. தொலைவில் அந்த நிறம் தென்பட்டதுமே கூடப் படிக்கும் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். நான் ஓடிப்போய் ஏறி, வண்டி ஊரைத் தாண்டும்வரை தலையைக் குனிந்துகொள்வேன்.

அத்தை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒரே கேள்விதான் கேட்பாள். “தூரத்துலயே தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது” என்பேன், எரிச்சலோடு.

அவள் முகம் மலரும். வண்டியைக் கிளப்புவாள்.

ஊர் அவளுக்கு அரைமனதாகக் கொடுத்திருந்த மரியாதை முழுவதும் அந்த வெள்ளை நிறத்தால் வந்தது என்பதும், அதை எனக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவள் விட்டுக்கொடுத்தாள் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை. நான் எரிச்சலோடு சொன்ன அந்த ஒற்றை வார்த்தையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது என்பதும்தான்.