கால் வைக்கத் தயங்கிய புத்தகங்கள்

சில வருடங்களுக்கு முன், கீரனூரில் ஐப்பசி அடைமழை பெய்துகொண்டிருந்த சமயம். பிரசவத்துக்காக அம்மா வீட்டில் இருந்தேன். பிறந்து சில நாட்களே ஆன மகளுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் கிறிஸ்தவப் புத்தகங்கள் போடும் பதிப்பாளர். வாலிப வயதில் இலங்கையிலிருந்து படகேறி வந்தவர். அகதி முகாமில் இருந்தபடியே திருச்சி அச்சகம் ஒன்றில் அச்செழுத்துக் கோக்கக் கற்றுக்கொண்டாராம். பிறகு சின்னச் சின்ன ஜெபப் புத்தகங்களைச் சொந்தமாக அச்சடித்து, ஆவூர் சர்ச் திருவிழாவுக்குச் சைக்கிளிலும், ஜெகதாப்பட்டினத்துக்குப் பஸ்ஸிலும் சுமந்துபோய் விற்று நிமிர்ந்தவர். வயதானவர்கள் சிரமமின்றிப் படிக்கப் பெரிய எழுத்தில் ஒரு பைபிள் விளக்க நூல் எழுத வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பல வருட உழைப்பில் எழுதி முடித்த அந்த நூல், அந்த வருடக் கிறிஸ்துமஸுக்காக அச்சாகி வந்து, முன்னறை முழுக்க அடுக்கியிருந்தது.

ஒருநாள் காலை கண்மாய் உடைந்து தெருவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. எங்கள் ஓட்டு வீட்டின் சுவர் ஒருபக்கம் சரிய, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவருடைய மாடிப்படிகூட இல்லாத கான்கிரீட் வீட்டுக்கு ஓடினோம். தெருவில் பாதிச் சனம் அங்கேதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கேயும் தண்ணீர் ஏறியது. கட்டிலும் மேசையும் முதியவர்களுக்கே போதவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துத் தண்ணீரிலேயே நின்றேன்.

அவர் புத்தகக் கட்டுகளை இறக்க ஆரம்பித்தார். பத்திரப்படுத்துகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் வைத்து மேடைபோல அடுக்கினார். அவர் மனைவி அதன்மேல் தார்ப்பாயை விரித்து என்னைக் கூப்பிட்டார்.

எனக்குக் கால் எழவில்லை. புத்தகத்தைத் தெரியாமல் மிதித்தால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் நமக்கு.

"சாமி புத்தகமாச்சே, இதுல எப்புடிங்க கால வைக்கிறது?" என்றார் அம்மா.

"வையுங்கோ அம்மா. புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்கலாம். பிள்ளைக்கு ஒண்டு நடந்தா என்ன செய்ய ஏலும்?" என்றார் அவர்.

ஏறி உட்கார்ந்தேன். தெருப்பிள்ளைகளும் என்னைச் சுற்றி ஏறிக்கொண்டார்கள். மாலையில் தீயணைப்புப் படையினர் வந்து எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகும்வரை, கட்டுகள் சரிந்துவிடாமல் அவர் தண்ணீரில் நின்றபடி பிடித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், புத்தகங்கள் ஊறிப் பாளம் பாளமாக ஒட்டிக் கிடந்தன. ஆறுதல் சொல்ல நானும் அம்மாவும் போனோம். அவர் எங்கிருந்தோ இரவல் வாங்கிய கம்ப்யூட்டரில் அதே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மூண்டு பிழை விட்டிருக்கிறன். இந்த முறை திருத்திப் போடலாம்" என்று சிரித்தார்.

அப்படியே மறு வருடம் புத்தகம் வெளிவந்தது.

நான் வேறு சாமி கும்பிடுகிறவள். அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மனிதர் தன் ஆயுள் உழைப்பை, யாரோ ஒருத்தி ஏறி உட்கார இவ்வளவு சாதாரணமாகத் தண்ணீரில் இறக்கி வைத்ததை நினைத்தால், இன்றும் எனக்கு மெய்சிலிர்த்துவிடுகிறது.