லீவு என்று நான் படித்த கடிதம்

எண்பதுகளின் நடுவில், துபாய்ப் பக்கம் புஜைராவில் எண்ணெய்த் தொட்டி கட்டும் சைட்டில் நான் டைம்கீப்பர். பத்தாவது படித்தவன் என்பதால் எங்கள் ரூமில் எட்டுப் பேருக்கும் நான்தான் இங்கிலீஷ் துரை. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

அந்த வருடம் எண்ணெய் விலை மளமளவென்று விழுந்தது. டெக்ஸாஸ்காரரான எங்கள் எஞ்சினியர், தன் ஊரிலும் எண்ணெய்க் கிணறுகளை மூடுகிறார்கள் என்றார். அமெரிக்காவில் கிணறு மூடினால் அறந்தாங்கிக்காரனுக்கு என்ன என்று நாங்கள் சிரித்தோம்.

என் பக்கத்துக் கட்டில்காரன் வெல்டர். மூன்று வருடமாக ஊருக்குப் போகாதவன்; மகளைப் போட்டோவில்தான் பார்த்திருந்தான். அவனுக்கு லீவு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பத்தாம் நாள் ஆபீஸ் கடிதம் வந்தது. பிரித்தால் நடுவில் 'லீவ்' என்ற சொல், கீழே 'டிக்கெட்'. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"மாப்ள, லீவு கெடச்சிருச்சுடா!"

"நெசமாவா மச்சான்? நல்லாப் படிச்சியா?"

"எனக்கே சொல்லித் தர்றியா?"

ஆபீஸில் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். போர்மேன் அவன் தோளைத் தட்டி "கலாஸ், பாய்" என்றார். பேப்பர் வேலை முடிந்தது என்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். மகளுக்கு ஒரு பொம்மை வாங்கினான். பெட்டியை என் கட்டிலுக்கடியில் தள்ளினான். "என் கட்டிலை எவனுக்கும் விட்றாத" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த வாரம், லீவே கேட்காத இரண்டு பேருக்கு அதே கடிதம் வந்தது. ஒன்றை வாங்கிப்போய் ஆபீஸ் கிளார்க் மலையாளியிடம் காட்டினேன்.

"லீவு இல்லை சேட்டா. கம்பெனி விட்டுப் போகான் பறஞ்ஞதா. விசா கேன்சல்."

ஒரே சொல்லுக்கு விடுமுறை என்றும் அர்த்தமாம், விட்டுப் போ என்றும் அர்த்தமாம். சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவன் அல் ஐனில் இருந்த தன் சித்தப்பாவைப் பிடித்து, விசா கொடுக்க வேறு கபில் தேடியிருப்பான். நான் அவனைக் கைதட்டி வழியனுப்பி வைத்தேன். போர்மேனிடம் ஓடினேன், கெஞ்சினேன். "காம் மாஃபி" என்றார், வேலையே இல்லை. அவர் முகமும் நன்றாக இல்லை.

விஷயத்தை அவனுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் அவன் கடிதம் வந்துவிட்டது.

'மச்சான், மகள் என்னைப் பார்த்து அழுதாள், இப்போது ஒட்டிக்கொண்டாள். திரும்பி வரும் தைரியத்தில் கூரையைப் பிரித்துவிட்டேன், தளம் போட வேண்டும். நீதான் நல்ல இங்கிலீஷ் எழுதுவாய். லீவை இன்னும் இரண்டு மாதம் நீட்டச் சொல்லி ஆபீஸுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடு.'

பேப்பரை எடுத்து 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதினேன். அதற்கு மேல் எனக்குத் தமிழும் வரவில்லை.