‘ஊதாதீங்க’ அக்கா

கண்ணாடி இழைக் கேபிளின் நுனியைத் துடைக்கிறார், சின்னப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார், மறுபடி துடைக்கிறார். இப்போதுதான் உறை பிரித்த புத்தம்புதுக் கேபிள், அதற்கும் இதே குளியல்தான். யாராவது தூசியை வாயால் ஊதிவிட்டால் போச்சு. எச்சில் ஈரம் பட்டால் கேபிளுக்குள் ஓடும் ஒளி மங்கிவிடுமாம். “ஊதாதீங்க, இது என்ன அடுப்பா?” என்பார். அதனால் அலுவலகம் முழுக்க அவர் ‘ஊதாதீங்க’ அக்காதான். கழற்றிய நுனிமூடிகளைச் சட்டைப் பையிலேயே மறந்துவிடுவார். துணி துவைக்கும் இயந்திரத்தில் அவை கலகலப்பதைக் கேட்டுக் கேட்டுக் கணவருக்கு அலுத்துவிட்டது.

ஆம்புலன்ஸ் அழைப்புகளை ஏற்கும் மையத்தில், ஜன்னலே இல்லாத ஒரு கருவி அறையில்தான் அவரைப் பார்த்தேன். பல்லைக் கிடுகிடுக்க வைக்கும் ஏசி. ஒளிக்கருவிகளை ரவுட்டரோடு இணைத்து இரண்டு வழிகள் போட்டிருந்தார். ஒன்று அறுந்தால் அழைப்புகள் தாமாகவே மற்றதில் ஓட வேண்டும். பச்சை விளக்குகள் எல்லாம் எரிந்தன. அன்று சாயங்காலமே அழைப்புகள் இதற்கு மாற வேண்டும் என்பதால் மையத்தின் அதிகாரிகள் கையெழுத்துப் போடத் தயாராக நின்றார்கள்.

அக்காவுக்குப் பச்சை விளக்கின் மேல் நம்பிக்கையே கிடையாது. ஓடுகிற வழியைக் கையால் பிடுங்கிப் பார்க்காமல் எதையும் ஒப்படைக்க மாட்டார். சோதனை அழைப்பில், மறுமுனையில் இருந்த சக ஊழியர் பழைய செய்தித்தாளிலிருந்து வாடகை வீட்டு விளம்பரங்களை வாசித்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அக்காவின் மேலாளர் ஜாடை காட்டுவதற்குள் அக்கா பிடுங்கிவிட்டார். ஒலிபெருக்கியில் குரல் பாதி வீட்டில் செத்தது. ஐயோ, மேலாளரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இரண்டாவது வழியில் ஒளி வந்துகொண்டுதான் இருந்தது. ரவுட்டரில் அதற்குக் கொடுத்திருந்த முகவரிதான் பிழை. “தப்பு என்னோடதுதான். நான்தான் மாத்தி அடிச்சிருக்கேன்,” என்று அதிகாரிகளிடமே சொன்னார், குரல் கொஞ்சமும் இறங்காமல். உடனே திருத்தி, பிடுங்கிய கேபிளை மறுபடி செருகினார்.

மேலாளர் அவரை ஓரமாகக் கூட்டிப்போனார். அதான் திருத்தியாச்சே, இனிமேல் கை வைக்காதே, மறுபடி மானம் போனால் உனக்கு வேலையே இருக்காது என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கே கேட்டது. வீட்டில் அக்காவின் ஒரு சம்பளம்தான்.

“வேலை போனா வேற தேடிக்குவேன் சார்,” என்றார் அக்கா. “மூச்சுத் திணறுறவன் போன் பண்றப்ப லைன் செத்துப்போனா, அவன் எதைத் தேடுவான்?”

சோதனை அழைப்பு மறுபடி ஓடத் தொடங்கியது. எல்லோர் கண்ணும் திரையில். அக்கா மட்டும் திரைக்கு முதுகைக் காட்டி, மேலாளரை நேருக்கு நேர் பார்த்தபடி, கையைப் பின்னால் நீட்டிக் கேபிளைப் பிடுங்கினார்.

ஒலிபெருக்கியில் மாடி வீடு, தண்ணீர் வசதி, தனி வாசல் என்று குரல் போய்க்கொண்டே இருந்தது. அக்கா சட்டைப் பையைத் துழாவி ஒரு மூடியை எடுத்து, பிடுங்கிய நுனியில் நிதானமாக மாட்டினார்.