மாத்திரை முழுங்கிய சம்மனசு

சம்மனசுகள் மேல் மீன் வாடை அடிக்கும் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் திருவிழாவில், தேருக்கு முன்னால் ரெக்கை கட்டி, தேவதூதராக, சம்மனசு வேஷம் போட்ட பிள்ளையை ஏற்றிப்போகும் வண்டி, மற்ற நாட்களில் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிவரும், மூன்று சக்கரம் வைத்து மிதிக்கிற மீன்பாடி வண்டி. தேய்த்துக் கழுவி, மேசை உயரத்துக்குப் பலகை மேடை அடித்து, சுற்றிலும் நீல சாட்டின் துணி தொங்கவிட்டு, மேலே பஞ்சில் மேகம் செய்து வைத்தாலும் வஞ்சிரம் வஞ்சிரம்தான்.

அந்த வருஷம் சம்மனசு நான். அழகுக்காகவோ நல்ல நடத்தைக்காகவோ யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. எனக்கு வலிப்பு வரும். பள்ளிக்கூடத்தில் வரும், சாப்பிட உட்கார்ந்தால் வரும். திருவிழா வரைக்கும் வராமல் இருந்தால் பிள்ளையைச் சம்மனசாக நிறுத்துகிறேன் என்று அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டிருந்தாள்.

நேர்ந்துகொண்டதோடு அவள் விட்டுவிடவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதையும் மாதா சொன்ன மாதிரியே எடுத்துக்கொண்டாள். மாத்திரை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒரு அட்டை தீர்வதற்குள் அடுத்த அட்டை வீட்டில் இருக்கும். முழுங்கிய பிறகு "ஆ காட்டு" என்று நாக்கைத் தூக்கிப் பார்ப்பாள். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்த சமயம் அது. போட்ட கொஞ்ச நேரத்தில் சத்தமெல்லாம் தூரமாகப் போய்விடும். ஹார்பர் சங்கு என் தலையணைக்குள்ளிருந்து ஊதும். பக்கத்து வீட்டுச் சண்டைகூடத் தாலாட்டாகக் கேட்கும். எனக்கு அது பிடிக்கும், பொய் சொல்வானேன்.

ஆனால் தேர் கிளம்பும் நேரமும் மாத்திரை நேரமும் ஒன்றாக வந்து தொலைத்தன.

பெரியம்மாதான் ஆரம்பித்தாள். அம்மாவின் அக்கா. ஜவுளி, நகை, வைத்தியம் எல்லாவற்றிலும் அவளுக்கு ஒரு கருத்து உண்டு. "இன்னிக்கு ஒரு வேள மாத்திர வோணாம்டி. தூங்கி வழிஞ்சுகினு நின்னா பாக்குறவங்க இன்னா நெனப்பாங்க?"

அப்பாவை நாங்கள் நைனா என்போம். ஹார்பரில் கிரேன் ஓட்டுபவர். அட்டையில் ரெக்கை செய்து பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "தேரு திரும்புனதும் குடுத்துக்கலாம். இத்தினி மாசமா ஒண்ணும் வரலியே" என்றார்.

"மாத்திர குடுக்கறதாலதான் வரல" என்றாள் அம்மா.

நானும் பெரியம்மா கட்சி. "எங்க கிளாஸ் புள்ளைங்கல்லாம் வந்துகீதுங்கம்மா, நான் முழிச்சுகினு நிக்கணும்" என்று அம்மா காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சினேன். அவள் காலை விடுவித்துக்கொண்டு மை டப்பாவை எடுத்தாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மை தீட்டி, கிரீடம் மாட்டி, எல்லாம் முடிந்த பிறகு, இடுப்பில் செருகியிருந்த பர்ஸிலிருந்து அட்டையை எடுத்தாள். "முழுங்கு" என்றாள். அழுதால் மை கலையும் என்பதால் அழவும் முடியவில்லை. இப்படி ஒரு அம்மா யாருக்கும் வாய்க்கக்கூடாது என்று மனசார நினைத்துக்கொண்டே முழுங்கினேன். "ஆ காட்டு" என்றாள். காட்டினேன்.

நைனா என்னைத் தூக்கி மேடையில் நிறுத்தி, பின்னால் இருந்த இரும்புக் கம்பியோடு இடுப்பைச் சேர்த்துக் கட்டினார். பஞ்சு மேகம் முழங்கால் வரைக்கும் வந்தது. கூட்டத்தில் பெரியம்மா இருந்தாள், கிளாஸ் பிள்ளைகள் இருந்தார்கள், அம்மாவைத்தான் காணோம். வராவிட்டால் போகட்டும் என்று இருந்துவிட்டேன். அவ்வளவு கோபம் எனக்கு.

பேண்டு வாத்தியம் முழங்க, நைனா வண்டியை மெல்ல மிதித்தார். முதல் தெரு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு தெருவே தண்ணீருக்குள் போய்விட்டது. சீரியல் பல்புகள் பெருத்து மிதந்தன. ஜெபமாலை சொல்லும் குரல்கள் எங்கோ கரையிலிருந்து வந்தன. கன்டெய்னர் லாரிகள் எனக்கு வழிவிட்டு, யானைகள் மாதிரி ஓரமாகப் படுத்திருந்தன. மாடிகளிலிருந்து போட்ட பூ கீழே வந்து சேராமல் காற்றிலேயே நின்றது. கடல் காற்று ரெக்கைக்குள் புகுந்தது. நான் பறக்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியே முழங்கால் மடங்கியது.

அப்போதுதான் மேகத்துக்குள்ளிருந்து இரண்டு கைகள் வந்து என் கணுக்கால்களைப் பிடித்தன. வேர்த்து ஈரமான, சூடான கைகள். நான் சாய்ந்தால் இறுக்கின, நிமிர்ந்தால் தளர்ந்தன. எனக்குப் பயமே வரவில்லை. வேஷம் போட்ட சம்மனசை நிஜ சம்மனசு ஒன்று பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதானே. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

"பாருடி, சம்மனசு தூங்கிகினு கீது" என்று யாரோ சொன்னது மட்டும் கேட்டது.

"தூக்கம் இல்லடி, ஜெபம் பண்ணிகினு கீது" என்றது இன்னொரு குரல். அதன்பிறகு தெருத்தெருவாக என்னைக் கும்பிட்டார்களாம். பெரியம்மாவும் மனசு மாறி, "எங்க வூட்டுப் புள்ள" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தாளாம். வலிப்பு வரவில்லை.

மறுநாள் கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் ஞானோபதேச வகுப்பில் அந்தக் கைகளைப் பற்றிச் சொன்னேன். சிஸ்டர் என் நெற்றியில் சிலுவை போட்டார். வீட்டிலும் சொன்னேன். அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். "அப்டியா" என்றாள். நைனா இருமினார்.

பிறகும் வலிப்பு வரவில்லை. சில வருஷம் கழித்து டாக்டரே மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். அந்தச் சந்தோஷத்தில் வீட்டில் பிரியாணி செய்தோம். சாப்பிடும்போது நான் அந்தச் சம்மனசுக் கதையை எடுக்க, பெரியம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"சம்மனசாம். உங்கம்மாதான்டி பலகைக்கு அடியில குந்திகினு வந்தா. ஒசரத்துல புள்ளையத் தனியா வுடக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாராம். உங்க நைனா பலகையில ஓட்ட போட்டுக் குடுத்தாரு. உள்ள கும்மிருட்டு, மீன் கவுச்சி. கோயிலாண்ட வந்து எறக்குனா அவளால நிக்கவே முடில."

அம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.

அப்போது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. திருவிழா முடிந்த வாரம் போட்டோக்காரர் படம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பின்னால் மாதா தேர், முன்னால் கண்மூடி நிற்கும் நான். அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். உலை பொங்கி வழிந்தது. எனக்குப் பசி. "ஊரே பாத்ததுதானம்மா, நீ இன்னா புச்சா பாக்குற மாதிரி பாக்குற?" என்று சிடுசிடுத்தேன்.

"ரெக்க ஒரு பக்கம் சாஞ்சிகீது" என்றாள், படத்தில் அதை விரலால் நேராக்கியபடி.

மாதாவுக்கு முன்னால் நான் நின்றதை அந்த ஊரில் பார்க்காதவள் அவள் ஒருத்திதான் என்று எனக்கு அன்று தெரியாது.